ஹூஸ்டன் பள்ளிகளை மாநிலம் எடுத்துக்கொண்ட விவகாரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹூஸ்டன் நகரப் பள்ளிகளை 2023 ஜூனிலிருந்து டெக்சாஸ் மாநில அரசுதான் நடத்துகிறது. ஊர் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த வாரியம் பெயருக்கு இருக்கிறது, முடிவெடுக்கும் இடத்தில் மாநிலக் கல்வி ஆணையர் நியமித்தவர்கள் இருக்கிறார்கள். 'மார்க் எகிறிவிட்டது பார்த்தீர்களா' என்று ஒரு தரப்பு, 'நூலகத்தையே மூடிவிட்டார்கள்' என்று இன்னொரு தரப்பு. இரண்டு பேர் சொல்வதும் உண்மை என்பதால்தான் இந்தப் பேச்சு ஓய மாட்டேன் என்கிறது. அங்கே இருக்கும் நம்மவர்களும், ஊரிலிருந்து கவனிப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே ஒரே இடத்தில் போட்டு வைக்கிறேன்.

அரசுப் பள்ளியை அரசே கைப்பற்றுவதா? ஒன்றும் புரியவில்லையே.

தமிழ்நாட்டை மனதில் வைத்துப் படித்தால் குழப்பம்தான் வரும். நம் ஊரில் அரசுப் பள்ளி ஆசிரியரை நியமிப்பது, சம்பளம் போடுவது, பாடநூல் அச்சடிப்பது, கலந்தாய்வு வைத்து மாற்றல் கொடுப்பது எல்லாமே மாநிலக் கல்வித் துறையின் வேலை. மாவட்டத்தில் இருக்கும் சிஇஓ அந்தத் துறையின் அதிகாரி, அவ்வளவுதான். அமெரிக்காவில் அமைப்பே வேறு. நாடு முழுக்கச் சுமார் 13,000 பள்ளி மாவட்டங்கள் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளைச் சேர்த்து நடத்தும் அமைப்புகள்) இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் அந்தப் பகுதி வாக்காளர்கள் தேர்ந்தெடுத்த வாரியம்தான் சூப்பரின்டென்டென்டை, அதாவது மாவட்டப் பள்ளிகளின் தலைமை நிர்வாகியை, வேலைக்கு வைக்கும், பட்ஜெட் போடும், எந்தப் பள்ளியைத் திறப்பது எதை மூடுவது என்று முடிவு செய்யும். டெக்சாஸில் சொத்து வரியையும் அதுவே விதிக்கிறது. மாநில அரசின் பங்கு பாடத்திட்டம், பொதுத் தேர்வு, மானியம், மேற்பார்வை என்ற அளவில் நிற்கும்.

அந்த வாரியத்தை ஓரங்கட்டிவிட்டு மாநிலம் தன் ஆட்களை உட்கார வைப்பதைத்தான் 'டேக்ஓவர்' என்கிறார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட நகராட்சி மன்றத்தைக் கலைத்துவிட்டுத் தனி அலுவலரை நியமிப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாவட்டம் முழுவதையும் முதன்முதலில் இப்படி எடுத்துக்கொண்டது நியூ ஜெர்சி மாநிலம், 1989ல், ஜெர்சி சிட்டியில். ஆக இது ஒன்றும் புதுப் பழக்கம் இல்லை.

ஹூஸ்டனில் எதை வைத்து எடுத்துக்கொண்டார்கள்?

பேச்சில் அடிபட்டது ஒரே ஒரு பள்ளி: வீட்லி உயர்நிலைப் பள்ளி. ஹூஸ்டனின் ஃபிஃப்த் வார்டில், கறுப்பின மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் பகுதியில் இருக்கிறது. தென் மாநிலங்களிலிருந்து நாடாளுமன்றத்தின் கீழ்ச்சபைக்குத் தேர்வான முதல் கறுப்பினப் பெண் பார்பரா ஜோர்டன் படித்த பள்ளி அது. அந்த ஊர்க்காரர்களுக்கு அதன் மேல் எவ்வளவு பெருமை என்று சொல்லத் தேவையில்லை.

2015ல் டெக்சாஸ் சட்டமன்றம் ஒரு சட்டம் போட்டது. ஒரு பள்ளி தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் மாநில மதிப்பீட்டில் தேறாவிட்டால் ஆணையர் அந்தப் பள்ளியை மூட வேண்டும், இல்லாவிட்டால் மாவட்டம் முழுவதற்கும் நியமன வாரியம் போட வேண்டும். இரண்டில் ஒன்று, மூன்றாவது வழி கிடையாது. இதில் வேடிக்கை, அந்தச் சட்டத்தின் பின்னால் முக்கியமாக நின்றவர் ஹரால்ட் டட்டன் என்ற ஜனநாயகக் கட்சி உறுப்பினர். அதே ஃபிஃப்த் வார்டு தொகுதிக்காரர், அதே வீட்லி பள்ளியில் படித்தவர். தன் பள்ளி தேறாமல் கிடந்தும் வாரியம் ஒன்றும் செய்யவில்லை என்ற கோபம் அவருக்கு. இப்போது இதைக் குடியரசுக் கட்சியின் சதி என்று ஒரே வரியில் முடிப்பவர்கள் இந்தப் பகுதியை வசதியாக விட்டுவிடுகிறார்கள்.

வீட்லி 2019ல் ஏழாவது முறையாகத் தேறவில்லை. மாநிலம் வேறு இரண்டு காரணங்களும் சொன்னது: வாரிய உறுப்பினர்கள் சிலர் விதிகளை மீறிக் கமுக்கமாகக் கூடிப் பேசியது ஒன்று, சிறப்புக் கல்வி தேவைப்படும் பிள்ளைகளுக்குச் சட்டப்படி செய்ய வேண்டியதைப் பல ஆண்டுகளாகச் செய்யாதது இன்னொன்று. என்னைக் கேட்டால் இந்தக் கடைசிக் காரணம்தான் மூன்றிலும் கனமானது. ஆனால் அதைப் பற்றிப் பேசுவார் யாரும் இல்லை.

2019ல் அறிவித்து, 2023ல்தான் நடந்தது. இடையில் என்ன?

வழக்கு. மாவட்டம் நீதிமன்றம் போய் 2020 தொடக்கத்தில் தடை வாங்கியது. அந்தத் தடை மேல்முறையீடு, சட்டத் திருத்தம் என்று இழுத்து, 2023 ஜனவரியில் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது. மார்ச்சில் ஆணையர் மைக் மோராத் முடிவை அறிவித்தார், ஜூன் 1ல் ஒன்பது பேர் கொண்ட நியமன வாரியமும் புது சூப்பரின்டென்டென்ட் மைக் மைல்ஸும் வந்து உட்கார்ந்தார்கள்.

இதற்குள் வீட்லி 2022ல் 'சி' வாங்கித் தேறியே விட்டது (மாநிலம் 'ஏ' முதல் 'எஃப்' வரை கிரேடு போடும், 'எஃப்' என்றால் தோல்வி). மாவட்டத்துக்கு மொத்தமாக 'பி'. 'தேறிய பள்ளிக்காக, பி வாங்கிய மாவட்டத்தையா எடுத்துக்கொள்கிறீர்கள்' என்று மக்கள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. பழைய ஐந்து ஆண்டுத் தோல்வி சட்டப்படி அழியாது என்று மாநிலம் பதில் சொன்னது. சட்டம் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது.

மைக் மைல்ஸ் யார்? வந்து என்ன செய்தார்?

ராணுவத்தில் இருந்தவர், வெளியுறவுத் துறையில் வேலை பார்த்தவர், 2012 முதல் 2015 வரை டாலஸ் பள்ளிகளின் சூப்பரின்டென்டென்ட், அப்புறம் சொந்தமாக ஒரு சார்ட்டர் பள்ளிக் குழுமம் (அரசுப் பணத்தில் தனி நிறுவனம் நடத்தும் பள்ளிகள்) தொடங்கியவர். தான் நினைத்ததைச் செய்வதில் தயக்கமே இல்லாத மனிதர். வந்த வருடமே ஆயிரக்கணக்கான ஆசிரியர்களை ஓர் அரங்கில் கூட்டி, மேடையில் இசை நாடகம் போட்டு, அதில் தானே நடிக்கவும் செய்தார். பார்த்தவர்களில் பாதிப் பேர் சிரித்தார்கள், பாதிப் பேருக்கு எரிச்சல்.

அவர் கொண்டுவந்த திட்டத்தின் பெயர் புதிய கல்வி முறை. முதல் ஆண்டு 85 பள்ளிகள், இரண்டாம் ஆண்டு 130. அந்தப் பள்ளியில் ஒரு வகுப்பு எப்படி நடக்கும் என்று தெரிந்தால்தான் மற்றதெல்லாம் புரியும்.

பாடத்துக்கான ஸ்லைடு தலைமையகத்திலிருந்து தயாராக வந்துவிடும்; ஆசிரியர் ராத்திரி உட்கார்ந்து பாடக் குறிப்பு எழுத வேண்டியதில்லை. வகுப்புக் கதவு திறந்தே இருக்க வேண்டும். திரையில் நேரம் ஓடிக்கொண்டிருக்கும். சுமார் நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை பிள்ளைகளை ஏதாவது செய்ய வைக்க வேண்டும்: பக்கத்தில் இருப்பவரிடம் விளக்கிச் சொல்வது, சிறு பலகையில் விடை எழுதித் தூக்கிக் காட்டுவது, எல்லோரும் சேர்ந்து சொல்வது. அதிகாரி எந்த நேரமும் உள்ளே வந்து ஓரமாக நின்று குறிப்பெடுப்பார். முக்கால் மணி நேரம் போல் ஆனதும் ஒரு சின்னத் தேர்வு, அன்றைக்கு நடத்தியதிலிருந்து சில கேள்விகள். அங்கேயே திருத்தி, சரியாகச் செய்தவர்களை 'டீம் சென்டர்' என்ற அறைக்கு அனுப்புவார்கள், அங்கே அவர்களுக்குக் கொஞ்சம் கடினமான பயிற்சித் தாள்கள் காத்திருக்கும். தடுமாறியவர்கள் வகுப்பிலேயே இருந்து அதே பாடத்தை ஆசிரியரிடம் மறுபடி கேட்பார்கள். நாளைக்கும் இப்படித்தான், நாளை மறுநாளும்.

அந்த டீம் சென்டர் அறை பல பள்ளிகளில் எது தெரியுமா? முன்பு நூலகமாக இருந்தது. வகுப்பில் கலாட்டா செய்து வெளியே அனுப்பப்பட்டவர்களும் அங்கேதான் உட்கார்ந்து திரையில் பாடம் பார்க்க வேண்டும். நூலகர்களின் வேலை போனது. முதல் வருடம் சில பள்ளிகளில் கழிப்பறைக்குப் போகும் பிள்ளை, அனுமதிச் சீட்டுக்குப் பதிலாகச் சாலையில் வைக்கும் ஆரஞ்சு நிற டிராஃபிக் கோனைத் தூக்கிக்கொண்டு போனதும் நடந்தது. பெற்றோர் கொதித்துப் போனார்கள்.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். இந்தப் பள்ளிகளில் ஆசிரியர் சம்பளம் கணிசமாக ஏறியது, முதலில் சேர்ந்த பள்ளிகளில் சராசரி 80,000 டாலருக்கு மேல். ஜெராக்ஸ் எடுப்பது, தாள் திருத்துவது போன்ற வேலைகளுக்குத் தனி உதவியாளர்கள் வந்தார்கள். ஏழைப் பகுதிப் பள்ளியில் வேலை பார்த்தால் மற்றவர்களை விட அதிகச் சம்பளம் என்பது அமெரிக்காவில் சாதாரணமாக நடக்காத விஷயம்.

சரி, மார்க் ஏறியதா இல்லையா?

ஏறியது. மாநில மதிப்பீட்டின்படி 2023ல் ஹூஸ்டனில் 56 பள்ளிகள் 'எஃப்'. 2025ல் ஒன்றுகூட இல்லை. 'டி' வாங்கியவை 18. இரண்டே ஆண்டில் இவ்வளவு மாற்றம் பெரிய மாவட்டங்களில் அபூர்வம். இதை மறுத்துப் பேசுகிறவர் மேற்கொண்டு சொல்லும் எதையும் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் கேட்க வேண்டும்.

ஆனால் எண்ணைப் படிக்கும்போது இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். 2023ல் மாநிலம் மதிப்பீட்டு அளவுகோலையே கடினமாக்கியது, அதனால் மாநிலம் முழுக்கப் பல பள்ளிகளின் கிரேடு விழுந்தது (இதை எதிர்த்துப் பல மாவட்டங்கள் வழக்குப் போட்டதில், 2023ன் கிரேடு வெளியானதே 2025 ஏப்ரலில்தான்). ஆக ஏணியின் முதல் படி வழக்கத்தை விடத் தாழ்ந்த படி. இன்னொன்று, எந்த மாணவர் எந்த வகுப்பில் எந்தத் தேர்வை எழுதுகிறார் என்பதை மாற்றியதால் சில எண்கள் உயர்ந்தன என்று விமர்சகர்கள் சொல்கிறார்கள், நிர்வாகம் மறுக்கிறது. இதையெல்லாம் கழித்தாலும் மிச்சம் இருக்கிறது என்பதுதான் என் எண்ணம், குறிப்பாகக் கீழ் வகுப்புகளின் கணக்கில்.

பிறகு ஏன் இவ்வளவு எதிர்ப்பு?

ஏனென்றால் அந்த மார்க்கோடு சேர்ந்து வேறு சிலவும் நடந்தன. அனுபவமுள்ள ஆசிரியர்கள் கூட்டமாக விலகினார்கள். முறையான சான்றிதழ் இல்லாதவர்களையும் ஆசிரியர்களாக வைத்துக்கொள்ள 2023 டிசம்பரில் மாவட்டம் விதிவிலக்கு வாங்கிக்கொண்டது. மாணவர் எண்ணிக்கை முன்பே சரிந்துகொண்டுதான் இருந்தது, அது இன்னும் வேகமாகச் சரிந்தது; கிட்டத்தட்ட 1,90,000 இருந்தது இரண்டே ஆண்டில் 1,80,000க்குக் கீழே போனது. நன்றாகப் போய்க்கொண்டிருந்த பள்ளிகளில் முதல்வர்களை மாற்றியபோது அதுவரை சும்மா இருந்த வசதியான பகுதிப் பெற்றோரும் தெருவுக்கு வந்தார்கள்.

மக்களுக்குத் தங்கள் கோபத்தைக் காட்ட ஒரே ஒரு வழிதான் மிச்சம் இருந்தது, அதைப் பயன்படுத்தினார்கள். 2024 நவம்பரில் பள்ளிக் கட்டடங்களைச் சீரமைக்க 440 கோடி டாலர் கடன் பத்திரத்துக்கு ஒப்புதல் கேட்டு வாக்கெடுப்பு வந்தது. டெக்சாஸில் அதுவரை எந்தப் பள்ளி மாவட்டமும் அவ்வளவு பெரிய தொகை கேட்டதில்லை. கட்டடங்கள் பழசு, சிலவற்றில் ஏசி ஓடாது, தண்ணீர்க் குழாயில் ஈயம் பயம், பணம் தேவை என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. இருந்தும் 'நம்பிக்கை இல்லை, கடனும் இல்லை' என்று கோஷம் போட்டுச் சுமார் 58 சதவீதம் பேர் எதிர்த்து ஓட்டுப் போட்டார்கள். ஆசிரியர் சங்கம் மட்டும் இல்லை, வழக்கமாக எதிரெதிராக நிற்கும் இரண்டு கட்சிக்காரர்களும் ஒன்றாகச் சேர்ந்து எதிர்த்தார்கள். பிள்ளைகளின் ஏசிக்கு எதிராகப் பெற்றோரையே ஓட்டுப் போட வைத்த நிர்வாகம், மார்க் எவ்வளவு ஏற்றியிருந்தாலும், எங்கோ கோட்டை விட்டிருக்கிறது.

வேறு ஊர்களில் இது பலித்திருக்கிறதா?

சில இடங்களில். பெரும்பாலான இடங்களில் இல்லை. 2011க்கும் 2016க்கும் இடையில் மாநிலங்கள் எடுத்துக்கொண்ட 35 மாவட்டங்களை ஆராய்ந்து பெத் சூலர், ஜோஷுவா பிளைபெர்க் என்ற இருவர் 2021ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சராசரியாகப் பார்த்தால் கற்றலில் முன்னேற்றம் இல்லை என்பதுதான் முடிவு. சராசரி என்ற சொல்லைக் கவனியுங்கள், அதற்குள் ஏறியவையும் இருக்கின்றன, இறங்கியவையும் இருக்கின்றன.

ஏறியதற்கு உதாரணம், மாசசூசெட்ஸில் லாரன்ஸ். லத்தீன் அமெரிக்கக் குடும்பங்கள் பெரும்பான்மையாக வாழும் ஏழை ஆலை நகரம். 2012 தொடக்கத்தில் ஜெஃப் ரைலி என்பவர் மாநிலத்தின் சார்பில் பொறுப்பேற்றார். அவர் மைல்ஸுக்கு நேர் எதிர்க் குணம். முதல்வர்களில் பாதிக்கு மேல் மாற்றினார், ஆனால் ஆசிரியர்களில் பெரும்பாலோரை வைத்துக்கொண்டார், தலைமையகச் செலவைக் குறைத்துப் பணத்தைப் பள்ளிகளுக்கு அனுப்பினார், சங்கத்தோடு உட்கார்ந்து பேசி ஒப்பந்தம் போட்டார். இரண்டே ஆண்டில் கணக்கு மதிப்பெண் நன்றாக உயர்ந்தது, ஆங்கிலம் கொஞ்சம்.

அங்கே செய்த ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. குளிர்கால, வசந்தகால விடுமுறை வாரங்களில், தடுமாறும் பிள்ளைகளைப் பத்துப் பன்னிரண்டு பேராகப் பிரித்து, ஒரு வாரம் முழுக்க ஒரே பாடம், சுமார் 25 மணி நேரம். நடத்துவதற்கு விண்ணப்பம் வாங்கித் தேர்ந்தெடுத்த நல்ல ஆசிரியர்கள், அவர்களுக்குத் தனிச் சம்பளம். வேறு மந்திரம் ஒன்றும் இல்லை. லாரன்ஸின் முன்னேற்றத்தில் பெரும்பங்கு இந்த வாரங்களிலிருந்து வந்தது என்றே ஆய்வாளர்கள் கண்டார்கள்.

நியூ ஆர்லியன்ஸ் தனிக் கதை. 2005ல் கத்ரீனா புயல் ஊரையே அடித்துப் போட்டபின் லூசியானா மாநிலம் 100க்கும் மேற்பட்ட பள்ளிகளை எடுத்துக்கொண்டு, படிப்படியாகச் சார்ட்டர் நிறுவனங்களிடம் கொடுத்தது. ஆசிரியர்கள், ஊழியர்கள் என 7,000க்கும் மேற்பட்டோர் ஒரே வீச்சில் வேலை இழந்தார்கள். அந்த ஊர்க் கறுப்பின நடுத்தர வர்க்கத்தின் முதுகெலும்பே அவர்கள்தான். மதிப்பெண், பட்டப் படிப்பில் சேர்வது இரண்டும் தெளிவாக உயர்ந்தன. வீடுகளே புதிதாகக் கட்டப்பட்ட, செலவும் கூட்டப்பட்ட ஊர் அது. அதை அப்படியே இன்னோர் ஊருக்குப் பிரதியெடுக்க முடியாது என்பது டென்னசியில் தெரிந்துவிட்டது.

டென்னசியில் என்ன ஆயிற்று?

தோல்வி, வேறு சொல் போட்டு மழுப்ப வேண்டாம். மாநிலத்தின் கடைசி 5 சதவீதத்தில் இருக்கும் பள்ளிகளை ஐந்தே ஆண்டில் முதல் 25 சதவீதத்துக்குக் கொண்டுவருவோம் என்று சவால் விட்டு 2012ல் மாநிலம் எடுத்துக்கொண்ட ஆறு பள்ளிகளோடு தொடங்கினார்கள். தலைமை தாங்கியவர் கிறிஸ் பார்பிக், ஹூஸ்டனில் ஒரு சார்ட்டர் பள்ளிக் குழுமத்தைக் கட்டிப் பெயர் வாங்கியவர். 2015ல் விலகும்போது அவரே நேர்மையாக ஒப்புக்கொண்டார்: விரும்பி வந்து சேரும் பிள்ளைகளை வைத்துச் சாதிப்பதை விட, அந்தத் தெருவில் இருக்கும் எல்லாப் பிள்ளைகளும் வரும் பள்ளியில் சாதிப்பது எத்தனையோ மடங்கு கடினம் என்று. வாண்டர்பில்ட் பல்கலைக்கழக ஆய்வுகளில் ஆண்டுக்கு ஆண்டு பலன் பூஜ்யம் என்றே வந்தது. 2025ல் சட்டமன்றமே திட்டத்தை ஊற்றி மூடியது.

இதில் கவனிக்க வேண்டியது, மாநிலம் எடுத்த பள்ளிகளில் பெரும்பாலானவை இருந்த அதே மெம்பிஸ் நகரில், அதே மாதிரி மோசமான பள்ளிகளில், உள்ளூர் மாவட்டமே ஒரு திட்டம் நடத்தியது. நல்ல முதல்வரை அனுப்பி, ஆசிரியரை அவரே தேர்ந்தெடுக்க விட்டு, கூடுதல் பணம் கொடுத்து, பள்ளி நேரத்தைத் தினமும் ஒரு மணி நேரம் நீட்டினார்கள். அது பலன் தந்தது. மாநிலம் எடுத்த பள்ளிகள் அப்படியே கிடந்தன.

ஒரு இடத்தில் பலிக்கிறது, இன்னொரு இடத்தில் இல்லை. ஏன்?

இந்தக் கேள்விக்குத்தான் நேரம் செலவழிக்க வேண்டும், மற்றதெல்லாம் அரசியல். பலித்த இடங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள்: லாரன்ஸ் விடுமுறை வாரங்கள், மெம்பிஸ் உள்ளூர்த் திட்டம், ஹூஸ்டன் சம்பளம். எல்லாவற்றிலும் நல்ல ஆசிரியரைக் கஷ்டமான பள்ளிக்குக் கொண்டுவரப் பணம் இருக்கிறது, கூடுதல் கற்பிக்கும் நேரம் அல்லது கூடுதல் உதவி இருக்கிறது. வாரியத்தைக் கலைத்தது சில இடங்களில் உண்டு, மெம்பிஸில் இல்லை. டென்னசியில் ஆள்கிற கை மாறியது, ஆசிரியர்கள் வருடா வருடம் வந்து போய்க்கொண்டே இருந்தார்கள்.

இதை விடத் தெளிவான சாட்சி டாலஸ். மைல்ஸ் அங்கே கொண்டுவந்த ஆசிரியர் மதிப்பீட்டு முறையை வைத்து, அவர் விலகிய 2015ல் ஒரு திட்டம் தொடங்கியது. நன்றாகக் கற்பிப்பவர் என்று பெயர் வாங்கிய ஆசிரியர் மாவட்டத்தின் மிக மோசமான பள்ளிக்கு வந்தால் ஆண்டுக்கு 10,000 டாலர் வரை கூடுதல். வாரியம் கலைக்கப்படவில்லை, மாநிலம் தலையிடவில்லை. அந்தப் பள்ளிகள் மளமளவென்று மேலே வந்தன, மாவட்டச் சராசரியை நெருங்கின. 'தேறிவிட்டதே, இனி எதற்குப் பணம்' என்று சில பள்ளிகளில் தொகையை நிறுத்தினார்கள். நல்ல ஆசிரியர்கள் கிளம்பிப் போனார்கள், மதிப்பெண் திரும்ப விழுந்தது. பின்னால் வந்த ஆய்வு இதை வரைபடம் போட்டே காட்டுகிறது. காய்ச்சல் குறைந்ததும் மருந்தை நிறுத்திய கதைதான்.

ஹூஸ்டனில் மாநில அதிகாரம் தேவையில்லாமல் இருந்ததா என்றால், அப்படியும் என்னால் சொல்ல முடியவில்லை. ஏழைப் பகுதிப் பள்ளிக்கு அதிகச் சம்பளம் என்று தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு வாரியம் முடிவெடுத்தால், மற்ற பகுதி உறுப்பினர்கள் அடுத்த தேர்தலில் ஓட்டு கேட்டுப் போக முடியாது. நியமன வாரியத்துக்கு அந்தக் கவலை இல்லை. ஆனால் அதே கவலையில்லாத்தனம்தான் நூலகத்தையும் மூட வைத்தது. டெக்சாஸில் ஆசிரியர் சங்கங்களுக்குக் கூட்டுப் பேர உரிமையும் கிடையாது, ஆகத் தடுத்து நிறுத்தி 'கொஞ்சம் பொறுங்கள்' என்று சொல்ல அந்த அறையில் யாருமே இல்லை.

மத்திய அரசு ஒன்றும் செய்யாதா?

செய்து பார்த்தது. புஷ் காலச் சட்டம் 2014க்குள் நாட்டின் எல்லாப் பிள்ளையும் தேற வேண்டும் என்று ஆணையிட்டது, நடக்கவில்லை. ஒபாமா காலத்தில் 2009 முதல் மோசமான பள்ளிகளுக்கென்று பல நூறு கோடி டாலர் கொட்டினார்கள், வாங்க வேண்டுமானால் முதல்வரை மாற்று, பாதி ஊழியரை மாற்று, மூடு, அல்லது சார்ட்டரிடம் கொடு என்பது போன்ற நான்கு வழிகளில் ஒன்றை எடுக்க வேண்டும். மொத்தமாகச் சுமார் 700 கோடி டாலர் போனபின், 2017ல் மத்தியக் கல்வித் துறையின் சொந்த மதிப்பீடே குறிப்பிடத்தக்க பலன் இல்லை என்றது. 2015 டிசம்பரில் வந்த சட்டம் 'கடைசி 5 சதவீதப் பள்ளிகளை அடையாளம் காட்டுங்கள், என்ன செய்வது என்பது உங்கள் பாடு' என்று பொறுப்பை மாநிலங்களிடமே தள்ளிவிட்டது.

மோசமான பள்ளியை மூடிவிட்டால் தீர்ந்ததே?

சிகாகோவில் 2013ல் நகர நிர்வாகம் ஒரே வருடத்தில் சுமார் 50 பள்ளிகளை மூடியது. மூடப்போகிறோம் என்று அறிவித்த வருடமே அந்தப் பிள்ளைகளின் படிப்பு அடிவாங்கியது. பக்கத்தில் நல்ல பள்ளி இருந்து, அங்கே இடமும் இருந்தால் மூடுவதில் அர்த்தம் உண்டு. பெரும்பாலும் இரண்டும் இருக்காது.

எடுத்துக்கொள்ளப்படுவது எப்போதும் கறுப்பின, லத்தீன் பிள்ளைகள் படிக்கும் மாவட்டங்கள்தானே?

ஆமாம், பெரும்பாலும். ஜெர்சி சிட்டி, பேட்டர்சன், நெவார்க், டெட்ராய்ட், நியூ ஆர்லியன்ஸ், கேம்டன், ஹூஸ்டன் என்று பட்டியலே சொல்லும். ஹூஸ்டன் மாணவர்களில் இந்த இரு சமூகத்தினர் மட்டுமே 80 சதவீதத்துக்கு மேல். ஏழ்மை அங்கே இருக்கிறது, அதனால் மதிப்பெண் குறைகிறது, அதனால் மாநிலம் வருகிறது என்பது பாதி விளக்கம். இன்னொரு பாதி: அமெரிக்காவில் கறுப்பினத்தவர் அரசியலில் முதல் படி ஏறியது பல ஊர்களில் பள்ளி வாரியம் வழியாகத்தான். அந்தப் படியை எடுக்கும்போது பள்ளிக்கூடத்தை விடப் பெரிய ஒன்று போகிறது என்று அவர்கள் நினைப்பதில் வியப்பில்லை. 1960கள் வரை ஓட்டுரிமைக்கே போராடியவர்களிடம் 'உங்கள் ஓட்டு இப்போதைக்குச் செல்லாது, உங்கள் பிள்ளை நன்மைக்காகத்தான்' என்று சொன்னால் எப்படி இருக்கும்.

நாங்கள் ஹூஸ்டன் புறநகரான கேட்டி, சுகர்லாண்ட் பக்கம் இருக்கிறோம். எங்களுக்கு இதில் ஏதாவது உண்டா?

நேரடியாக இல்லை. கேட்டி ஐஎஸ்டி, ஃபோர்ட் பெண்ட் ஐஎஸ்டி (டெக்சாஸில் பள்ளி மாவட்டத்தை ஐஎஸ்டி என்பார்கள்) எல்லாம் தனித்தனி மாவட்டங்கள், அவற்றின் வாரியங்கள் அப்படியே இருக்கின்றன. ஹூஸ்டன் என்று முகவரி இருந்தாலே ஹூஸ்டன் ஐஎஸ்டி என்று அர்த்தமில்லை, வீடு வாங்கும்போதும் வாடகைக்குப் போகும்போதும் மாவட்டத்தின் பெயரைச் சரிபாருங்கள்.

ஆனால் 'நம் மாவட்டம் நன்றாகத்தானே இருக்கிறது' என்று இருந்துவிடவும் வேண்டாம். 2015 சட்டத்தின்படி ஒரே ஒரு பள்ளி போதும். 2025 அக்டோபரில் சுமார் 70,000 பிள்ளைகள் படிக்கும் ஃபோர்ட் வொர்த் மாவட்டத்தை எடுத்துக்கொள்வதாக மாநிலம் அறிவித்தது. காரணமாகக் காட்டியது ஆறாம் வகுப்பு மட்டும் இருந்த ஒரு பள்ளி, அறிவிப்பு வரும்போது அந்தப் பள்ளி மூடியே போயிருந்தது.

ஹூஸ்டன் எப்போது திரும்பக் கிடைக்கும்?

2025 ஜூனில் முடிந்திருக்கலாம், மாநிலம் 2027 ஜூன் வரை நீட்டிவிட்டது. மூன்று நிபந்தனைகள் வைத்திருக்கிறார்கள்: எந்தப் பள்ளியும் தொடர்ந்து பல ஆண்டுகள் தேறாமல் இருக்கக் கூடாது, சிறப்புக் கல்வி சட்டப்படி நடக்க வேண்டும், வாரியம் தன் நேரத்தை மாணவர் கற்றலுக்குச் செலவிட வேண்டும். நிறைவேறியதாக ஆணையர் முடிவு செய்தால், தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்காக உள்ளே வருவார்கள். அதாவது 2027ல் தொடங்கினாலும் முழுசாகத் திரும்ப இன்னும் சில ஆண்டுகள். நெவார்க் 1995ல் போனது 2018ல்தான் திரும்பியது, அதோடு ஒப்பிட்டால் இது சீக்கிரம்.

இதற்கிடையில் வாரியத் தேர்தல் வழக்கம் போல நடந்துகொண்டுதான் இருக்கிறது, ஒற்றைப்படை ஆண்டுகளின் நவம்பரில். வென்றவர்களுக்கு இப்போது அதிகாரம் இல்லை என்பதால் ஓட்டுப் போடப் போகிறவர்கள் குறைவு. ஆனால் மாற்றிக் கொடுக்கும் நாள் வரும்போது உள்ளே போய் உட்காரப்போவது அப்போது பதவியில் இருப்பவர்கள்தான், சம்பளத் திட்டத்தை வைத்துக்கொள்வதா விடுவதா, நூலகத்தைத் திறப்பதா என்று முடிவு செய்யப்போவதும் அவர்களே. ஹூஸ்டன் ஐஎஸ்டி எல்லைக்குள் இருந்து, ஓட்டுரிமையும் இருந்தால், பதிவு செய்யக் கடைசி நாள் தேர்தலுக்கு 30 நாள் முன்பு.